வந்த காசும் வளர்ந்த வருமானமும்

இன்று எங்கள் ஊர்களில் பல வீடுகளின் குசினி ஒரு கடையாகவும் இருக்கிறது. கேக், வட்டிலப்பம், அச்சாறு, கைவேலை செய்த அபாயா என்று உம்மாமாரும் ராத்தாமாரும் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஓடர் எடுத்து விற்கிறார்கள். படித்துக்கொண்டே இதில் ஈடுபடும் மாணவிகளும் நம்மிடையே உண்டு. மகிழ்ச்சிக்குரிய மாற்றம்தான். ஆனால், வணிகப் பிரிவில் கற்கும் எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. எத்தனை ஓடர் வந்தது என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். வருமானம் வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால் பதில் வருவதில்லை. எழுதி வைக்காத வியாபாரம் வளர்கிறதா தேய்கிறதா என்பதை அதை நடத்துபவராலேயே சொல்ல முடியாது என்பது என் கருத்து.

கைக்கு வந்த காசு வேறு, வருமானம் வேறு. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாதத்தில் கேக் விற்று 60,000 ரூபாய் வருகிறது. மா, பட்டர், முட்டை, பெட்டி ஆகியவற்றுக்கு 36,000 ரூபாய். முச்சக்கரவண்டிக்கும் இணைய டேட்டாவுக்கும் 6,000 ரூபாய். மிஞ்சுவது 18,000. அந்த மாதம் 120 மணித்தியாலங்கள் உழைத்திருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் கிடைத்தது 150 ரூபாய்தான். வாயு, மின்சாரக் கட்டணங்களை இன்னும் கழிக்கவில்லை! அடுத்த மாத ஓடருக்கு வாங்கிய முற்பணத்தையும் இந்த மாத வருமானத்தில் சேர்த்துவிட்டால் கணக்கு மேலும் பிழைத்துவிடும்.

வளர்ச்சியை அளப்பதிலும் கவனம் வேண்டும். நோன்புப் பெருநாள் மாதத்தில் விற்பனை மூன்று மடங்கானால் அது பருவத்தின் பலன். அதை வளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. பெருநாளைச் சென்ற பெருநாளோடும், சாதாரண மாதத்தைச் சாதாரண மாதத்தோடும் ஒப்பிட வேண்டும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. அதனால் நோன்புப் பெருநாள் 2024 இல் ஏப்ரலிலும் 2025 இல் மார்ச் இறுதியிலும் வந்தது. இரண்டு ஏப்ரல்களை மட்டும் ஒப்பிடுபவர், விழாத வியாபாரத்தை விழுந்துவிட்டதாக நினைத்துக் கவலைப்படுவார்.

விலைவாசியையும் மறக்க முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் 10,000 ரூபாய் இலாபம் பெற்றவர் அந்த மாதத்தில் 15,000 பெற்றிருந்தால், கொப்பியில் அது 50 சதவீத வளர்ச்சி. ஆனால் அதே பொருட்களை வாங்க அவருக்கு ஏறத்தாழ 17,000 ரூபாய் தேவைப்பட்டிருக்கும். உண்மையில் அவர் பின்தங்கிவிட்டார்.

வரப்போவதை மதிப்பிடுவதும் கடினமானதல்ல. பெருநாள் இல்லாத மூன்று மாதங்களில் மிஞ்சியவை 12,000, 15,000, 9,000 என்றால் சராசரி 12,000. அடுத்த மாதம் 9,000 முதல் 15,000 வரை வரலாம் என்று முன்கூட்டியே எழுதுங்கள். மாத முடிவில் உண்மையில் வந்ததைப் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்துக்கான காரணத்தையும் குறியுங்கள். செலவுக்குத் திட்டமிடும்போது 9,000 ஐ மட்டும் நம்புங்கள். மதிப்பீடு சரியாகப் பலிக்காவிட்டாலும், ஏன் பலிக்கவில்லை என்று தேடும்போதுதான் நம் வியாபாரம் நமக்கு விளங்கத் தொடங்கும்.

“வீட்டிலிருந்து செய்யும் சின்ன வேலைக்கு இத்தனை கணக்கா?” என்று சிலர் கேட்கலாம். வேலை சின்னதாக இருக்கலாம். அதை நம்பி எடுக்கும் முடிவுகள் சின்னவை அல்ல. ஒரு பெருநாள் மாத விற்பனையைக் கண்டு, நகையை அடகு வைத்துத் தையல் மெஷினோ அவணோ வாங்கும் குடும்பங்கள் உண்டு. பெருநாள் முடிந்தால் ஓடர் குறையும். அடகு வட்டி குறையாது. ஆகக் குறைந்த வருமானம் வந்த மாதத்திலும் கட்டக்கூடிய கடன்தான் தாங்கக்கூடிய கடன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வியாபாரம் செய்தால் “எவ்வளவு வந்தது?” என்பதோடு நிறுத்தாமல், “எவ்வளவு மிஞ்சியது? எத்தனை மணி நேரம் போனது?” என்றும் கேளுங்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரம் மணித்தியாலத்துக்கு 150 ரூபாய்க்குப் போகிறதா என்பது அப்போது தெரியவரும். உம்மாவின் உழைப்பு வீட்டுச் செலவில் எவ்வளவைத் தாங்குகிறது என்பதும் அந்தக் கொப்பியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

சகோதரிகளே, இதற்குக் கணினியோ விலைகூடிய செயலியோ தேவையில்லை. 40 பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றில் திகதி, வந்தது, செலவு, மிச்சம், மணித்தியாலம் என ஐந்து நிரல்கள் கீறினால் போதும். இன்று விற்றதை இன்றிரவே எழுதிவிடுங்கள்.