சான்றிதழ் மட்டும் போதுமோ?

நாடி பிடித்து நோயறிந்த காலம் அருகி, இரத்தத்தின் கணக்கைக் கண்டு மருந்தெழுதும் காலம் வந்துள்ளது. தாம்பரத்தினின்று வேளச்சேரி செல்லும் சாலையில் மேடவாக்கத்தைக் கடப்போர், மருத்துவர் அறைகளை ஒட்டிச் சிறு பரிசோதனைக் கூடங்கள் அமைந்திருத்தலைக் காண்பர். வேலைக்குச் செல்லுமுன் வெறுவயிற்றுடன் வருவோர்க்கு இவை பேருதவி புரிகின்றன. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அங்குத் தரப்படும் தாளிலுள்ள எண் மெய்யோ எனக் காண்பவர் யாவர்?

நம் மாநிலத்தில் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இல் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகளோ 2018-இல்தான் வெளிவந்தன. 21 ஆண்டுகள் சட்டம் ஏட்டிலே உறங்கிற்று. இப்பொழுது பரிசோதனைக் கூடங்களும் பதிவு பெறுதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசிகளைத் துளைபடாத வெள்ளை நிறக் கலத்தில் இடுதலும் கடமையாம். இவை யாவும் நல்லனவே. ஆயின் இடத்தின் தூய்மை வேறு, எண்ணின் மெய்மை வேறு.

ஓர் உதாரணங் கூறுவாம். எடுத்த இரத்தத்தைப் பிரிக்காது வாளா வைப்பின், அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையை உண்டு, மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை குறைத்துவிடும். காலையில் எடுத்ததை மாலையில் சோதிப்பின், நீரிழிவுடையாரும் நலமுடையாரெனத் தோன்றுவர். மருந்து தவறும், நாளடைவில் கண்ணும் சிறுநீரகமும் கெடும். சுவரில் தொங்கும் சான்றிதழ் இப்பிழையைத் தடுக்குமோ?

இதற்கு வழியில்லாமலில்லை. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார், பல கூடங்கட்கும் ஒரே மாதிரியை அனுப்பி, அவை கண்ட விடைகளை ஒப்பிட்டுப் பிழை காட்டும் திட்டத்தை நெடுங்காலமாக நடத்தி வருகின்றனர். அமெரிக்க நாட்டின் 1988-ஆம் ஆண்டுச் சட்டமோ, கூடம் மருத்துவர் அறையிலிருப்பினும் பெரிய மருத்துவமனையிலிருப்பினும், சோதனையின் கடினத்திற்கேற்பவே விதி வகுத்தது. மிக எளியவற்றிற்கு விலக்களித்து, ஏனையவற்றுள் முக்கியமானவற்றிற்கு இத்தகைய வெளித்தேர்வைக் கட்டாயமாக்கிற்று.

செலவு தாங்காது சிறு கூடங்கள் மூடப்படும் என்பர் சிலர். அவ்வச்சம் வீணன்று. ஆதலின் எளிய சோதனைக்கு எளிய விதியே அமைக. வெளித்தேர்வின் கட்டணத்தில் அரசாங்கம் கைகொடுக்க. பதிவைப் புதுப்பிக்குங்கால் அத்தேர்வின் முடிவைக் கேட்டலும், அதனை நோயாளர் கண்ணிற்படும்படி வைத்தலும் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

தேர்வெழுதாது பட்டம் பெற மாணவராகிய நாம் நாணுவோம். உயிர் காக்கும் எண்ணைத் தரும் கூடங்கள் தேர்வின்றி நடத்தல் தகுமோ?