நேர்காணல் முடிந்த பிறகு கடிதம் எதற்கு? ரெசிடென்சி மேட்ச் குறித்து எங்கள் நிலைப்பாடு

அமெரிக்க மருத்துவமனைகளில் ரெசிடென்சி பயிற்சிக்கான நேர்காணல்கள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி ஜனவரியில் முடிகின்றன. யார் யாரை எந்த வரிசையில் விரும்புகிறார்கள் என்ற பட்டியலை இரு தரப்பும் பதிவுசெய்யக் கடைசி நாள் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ வருகிறது. இடைப்பட்ட வாரங்களில் ஒரு கடிதப் போக்குவரத்து நடக்கிறது. "உங்கள் புரோகிராமைத்தான் முதலிடத்தில் வைக்கப்போகிறேன்" என்று விண்ணப்பதாரர் எழுதுகிறார். "எங்களுக்கு நீங்கள் மிகவும் பொருத்தமானவர்" என்று புரோகிராம் இயக்குநர் பதில் எழுதுகிறார், அல்லது எழுதாமல் விடுகிறார். எழுதினாலும் எழுதாவிட்டாலும் விண்ணப்பதாரருக்குத் தூக்கம் போகிறது. விருப்ப வரிசையைத் தொட்டுப் பேசும் இந்தக் கடிதங்கள் இரு தரப்பிலும் நிற்க வேண்டும், நிறுத்தும் பொறுப்பைப் புரோகிராம்களே முதலில் ஏற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களின் சங்கமாகிய எங்கள் நிலைப்பாடு.

இந்தப் பட்டியல்களைப் பொருத்தி இடம் ஒதுக்கும் மேட்ச் முறை எதற்காகப் பிறந்தது என்பதை மறந்தால் இந்தக் கோரிக்கை அளவுக்கு மீறியதாகத் தோன்றலாம். 1940களில் பயிற்சி மருத்துவர்களுக்காக மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, படிப்பு முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே மாணவர்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்கின. குறிப்பிட்ட நாளுக்கு முன் மாணவர்களைப் பற்றிய தகவல்களைத் தருவதில்லை என்று மருத்துவக் கல்லூரிகள் தீர்மானித்ததும் போட்டி வேறு வடிவம் எடுத்தது. கொடுத்த இடத்தை ஏற்கிறாயா, மறுக்கிறாயா என்று சொல்ல 1945இல் மாணவருக்கு 10 நாள் அவகாசம் இருந்தது. 1949 வாக்கில் 12 மணி நேரம்கூட அதிகம் என்று மருத்துவமனைகள் மறுத்தன. இந்த நெருக்கடிக்கு முடிவு கட்டத்தான் 1952இல் தேசிய அளவிலான மேட்ச் வந்தது. முதலில் முன்வைக்கப்பட்ட கணக்கீட்டு முறையில், உண்மையான விருப்பத்தை எழுதும் மாணவரே நட்டப்படுவார் என்று மாணவர்கள் எதிர்த்தார்கள். அந்த முறை மாற்றப்பட்டது. உண்மையை எழுதுபவர் தோற்கக் கூடாது என்ற கொள்கையை மேட்சுக்குள் கொண்டுவந்தவர்கள் மாணவர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 1998 முதல் நடப்பில் இருப்பது ஆல்வின் ராத், எலியட் பெரான்சன் இருவரும் திருத்தியமைத்த முறை. அந்த முறை விண்ணப்பதாரரின் பட்டியலிலிருந்து தொடங்குகிறது. முதலில் எழுதிய புரோகிராமில் அவருக்கு இடம் உண்டா என்று பார்க்கிறது. இல்லையென்றால் இரண்டாவதற்குப் போகிறது. எட்டாத ஒன்றை முதலிடத்தில் எழுதியதால் இரண்டாவது இடத்துக்கான வாய்ப்பு இம்மியும் குறைவதில்லை. இந்தத் துறை ஆய்வுகளுக்காக ராத்துக்கும் லாயிட் ஷாப்லிக்கும் 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே, மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவதைவிட மேலான உத்தி விண்ணப்பதாரருக்கு எதுவும் இல்லை. கடிதம் இதை மாற்ற முடியாது. கலைக்க மட்டுமே முடியும். இனிய சொற்களில் ஒரு மின்னஞ்சல் வந்ததும் மூன்றாவதாக இருந்த புரோகிராமை முதலாவதாக ஏற்றிவிடுகிறார்கள். நேர்காணலுக்குப் பின் வந்த செய்தியை நம்பி வரிசையை மாற்றியதாக விண்ணப்பதாரர்கள் கருத்தாய்வுகளில் சொல்லியிருக்கிறார்கள். இடம் உறுதி என்று நம்பவைக்கப்பட்டு, பிறகு ஏமாந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொற்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மேட்ச் விதிகளின்படி எதிர்த் தரப்பின் வரிசையைக் கேட்பதுதான் தவறு. தன் விருப்பத்தைத் தானாகச் சொல்வது தவறல்ல, சொன்னபடி நடந்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் மார்ச் மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை வெளிவரும் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பொறுப்பில்லாத ஒரு வாக்கியத்தை நம்பி, மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை வாழப்போகும் ஊரும் கற்கப்போகும் இடமும் தீர்மானமாகிவிடுகின்றன.

இந்தச் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதே எங்களை அதிகம் உறுத்துகிறது. 2024 மேட்சில் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 விழுக்காட்டினர் இடம் பெற்றார்கள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58.5 விழுக்காட்டினரே பெற்றார்கள். சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்துவிட்டு வருபவர் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். எந்தக் கடிதத்தை யாருக்கு, எப்போது, எந்தத் தொனியில் எழுதலாம் என்று அமெரிக்கக் கல்லூரி மாணவருக்குச் சொல்லித்தர அவருடைய டீன் அலுவலகம் இருக்கிறது. இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசும் பேராசிரியரும் சிலருக்கு இருக்கிறார். வெளியிலிருந்து வருபவருக்கு இரண்டும் இல்லை. எழுதாவிட்டால் ஆர்வமில்லை என்று நினைப்பார்களோ, எழுதினால் தொந்தரவு என்று நினைப்பார்களோ என்று அவர் தடுமாறுகிறார். மருத்துவத் திறமையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தேர்வை, பாடத்திட்டம் எதுவென்று சொல்லாமல் அவருக்கு வைக்கிறோம்.

எங்கள் கருத்தை மறுப்போரின் வாதங்களில் வலுவானது இது: பெயருக்கு விண்ணப்பித்தவர் யார், உண்மையில் வர விரும்புபவர் யார் என்று புரோகிராம்களுக்குத் தெரிய வேண்டாமா? சிறிய ஊர்களின் புரோகிராம்களுக்கு இது நிஜமான கவலை என்பதை ஏற்கிறோம். ஆனால் வர விரும்பாத ஒருவரைப் பட்டியலின் உச்சியில் வைப்பதால் புரோகிராமுக்கு எந்த இழப்பும் இல்லை. அவர் வேறிடம் போனால் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். யாருடைய மறுப்புக்காகவும் அது காத்துக் கிடப்பதில்லை. புரோகிராம் பொய்யாக வரிசைப்படுத்தி ஆதாயம் அடையும் வாய்ப்பு கோட்பாட்டளவில் உண்டு என்றாலும், நடைமுறையில் அது மிக மிகச் சிறியது என்று ராத்தும் பெரான்சனும் மேட்ச் தரவுகளைக் கொண்டே 1999இல் காட்டினார்கள். பட்டியலில் எவ்வளவு கீழே இறங்கி இடங்களை நிரப்பினோம் என்பதைக் கௌரவப் பிரச்சினையாகப் பார்க்கும் பழக்கம்தான் இந்தக் கவலைக்குப் பெரும்பாலும் காரணம். அந்தக் கௌரவத்துக்காக விண்ணப்பதாரரிடம் காதல் வாக்குறுதி வாங்குவது நியாயமில்லை. ஆர்வத்தைத் தெரிவிக்க வேறு வழியும் வந்துவிட்டது. காது மூக்கு தொண்டைத் துறை 2020-21 பருவத்தில் தொடங்கிவைத்த சிக்னல் முறையில், ஒரு துறையின் விண்ணப்பதாரர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் சிக்னல்கள் தரப்படுகின்றன. அவை நேர்காணலுக்கு முன்பே, விண்ணப்பத்தோடு போய்ச் சேர்கின்றன. எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் அவற்றுக்கு மதிப்பும் இருக்கிறது. கடிதத்துக்கு வரம்பு இல்லை. பத்துப் புரோகிராம்களிடம் "நீங்கள்தான் முதல்" என்று சொல்பவரைத் தடுக்க வழியும் இல்லை.

நன்றிக் கடிதமும் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவர் ஒருவர் நேரம் ஒதுக்கிப் பேசியபின் ஒரு சொல் நன்றி சொல்லாமல் இருப்பது நம்மவர்களுக்கு மரியாதைக் குறைவாகவே படும். அந்த உணர்வை மதிக்கிறோம். நேர்காணல் அன்றே "கடிதம் எதிர்பார்க்கவில்லை, வந்தாலும் தேர்வுக் குழு பார்க்காது" என்று புரோகிராம் சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் தீர்ந்துவிடும். பல புரோகிராம்கள் ஏற்கெனவே இப்படிச் சொல்கின்றன. சொன்னபின் தாமே மீறாமல் இருப்பதுதான் முக்கியம். கொள்கையை அறிவித்துவிட்டுத் தமக்குப் பிடித்த நான்கு பேருக்கு மட்டும் ரகசியமாக எழுதுவது, கொள்கையே இல்லாமல் இருப்பதைவிடத் தீங்கானது.

உண்மையான கேள்விகளுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். ஜே-1 விசா மட்டுமா, ஹெச்-1பியும் உண்டா, மகப்பேறு விடுப்பு எவ்வளவு என்பவை வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தகவல்கள். தம்பதியராக மேட்சில் சேர்பவர்களுக்கு இப்படிப்பட்ட ஐயங்கள் இன்னும் அதிகம். இவற்றைத் தேர்வில் வாக்கில்லாத ஓர் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கும் ஏற்பாடு வேண்டும். ஒருவருக்குச் சொன்ன பதில் நேர்காணலுக்கு வந்த எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். நேரில் வந்து பார்க்கும் இரண்டாவது வருகையை நடத்த விரும்பும் புரோகிராம், தன் பட்டியலைப் பூட்டிய பிறகே அதை நடத்தட்டும். வர வசதியில்லாதவருக்கு அதனால் பாதகம் இராது. எங்கள் உறுப்பினர்களில் தேர்வுக் குழுக்களில் இருப்பவர்கள் இந்தப் பருவம் முதல் விருப்ப வரிசை பற்றிய எந்தக் கடிதத்தையும் குழுவின் முன் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம். இளையவர்களுக்கு வழிகாட்டுபவர்கள் இனி "உங்களுக்கே முதலிடம்" என்று எழுதும் லெட்டர் ஆஃப் இன்டென்ட் மாதிரிகளைத் திருத்திக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து தரவரிசைப் பட்டியலைப் பேசி முடிக்க வேண்டும்.