எறும்பளைக்கு நஞ்சு

எங்கள் கல்லூரி முகப்பில் புல்தரை ஒன்று உண்டு. வைகையில் மணல் பறக்கும் சித்திரையிலும் அதற்கு இருவேளை தண்ணீர். அண்மையில் அதில் எறும்புகள் மண்ணைக் குவித்துவிட்டன. குளோர்பைரிபாஸ் கலந்த வாளியோடு தோட்டக்காரர் நிறுத்தப்பட்டார், கையுறைகூட இல்லாமல். நரம்பைத் தாக்கும் நஞ்சு அது. 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, சில விலக்குகளோடு, ஒழிக்கவேண்டியவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஊற்றச் சொன்னவர்களுள் தமிழாசிரியர்களும் இருந்தார்கள் என்பதே என் வருத்தம்.

குறுந்தொகை 12ஆம் பாடலில் ஓதலாந்தையார் பாலைவழியின் சிறு சுனைகளுக்கு எறும்பளையை உவமையாக்கினார். புறநானூறு 173இல், கையில் சோற்றோடு செல்லும் சிறுவர் வரிசையைக் கண்ட கிள்ளிவளவனுக்கு, மழைக்கு முன் முட்டை சுமந்து மேடேறும் எறும்பொழுக்கு நினைவுக்கு வந்தது. குனிந்து பார்த்தவர்கள் எழுதியவை இவை. நாம் இவற்றை ஐந்து மதிப்பெண் வினாவாக்கிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மருந்தடிக்கச் சொல்கிறோம்.

அந்த எறும்பு செய்த குற்றந்தான் என்ன? அது புல்லின் வேரைத் தின்பதில்லை. தோண்டிய மண்ணை வெளியே கொட்டுகிறது. அந்த வளைவழியே நீரும் காற்றும் உள்ளே இறங்குகின்றன. குவியல் உறுத்தினால், காய்ந்தபின் விளக்குமாற்றால் தள்ளினால் போயிற்று. மாவுப்பூச்சிக்கு எறும்பு காவலிருக்கிறது என்பார்கள். உண்மைதான், அதற்கு மாவுப்பூச்சியையல்லவா கவனிக்கவேண்டும்? கடித்துக் கொப்புளம் எழுப்பும் நெருப்பெறும்பு என்றால் நானும் விடச் சொல்லவில்லை. அந்தப் புற்றில் மட்டும் கொதிநீர் ஊற்றலாம். புல் கருகுமாம். கருகட்டும், அருகு தானே வந்து மூடிக்கொள்ளும்.

‘நத்தத்தில் நடந்தது தெரியாதா?’ என்று ஒரு நண்பர் மடக்கினார். தெரியும். மதுரைக்கு வடக்கே, நத்தம் பக்கத்துக் கரந்தமலை அடிவாரத்தில், 2022இல் மஞ்சள் பைத்திய எறும்புகள் பெருகின. அவை கடிப்பதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுபவை. ஆடுமாடுகளின் கண் பாதிக்கப்பட்டதாக மக்கள் முறையிட்டார்கள். மலையில் கிடைபோட்டிருந்தவர்கள் இறங்கிவந்தார்கள். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகளில் ஒன்றாக எண்ணப்படும் இனம் அது. அதைக் காட்டி நம் முற்றத்துப் பிள்ளையார் எறும்பைக் கொல்வது என்ன நியாயம்? தண்டோராப் போட்டு ஊரிலுள்ள எல்லோரையும் அடித்தால் திருடனும் அடிபடுவான் என்கிற நியாயம்.

அப்படி அடித்தும் பார்த்தார்கள். 1957இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில், வெளியிலிருந்து வந்த நெருப்பெறும்பை ஒழிக்க ஹெப்டாகுளோர், டீல்ட்ரின் நஞ்சுகளை விமானத்திலிருந்து தூவினார்கள். பறவைகள் செத்தன. ரேச்சல் கார்சன் 1962இல் ‘மௌன வசந்தம்’ நூலில் இதை விரிவாகவே எழுதினார். பிறகு மைரெக்ஸ் வந்தது. உள்ளூர் எறும்புகளும் சேர்ந்து அழிந்ததால், காலியான நிலத்தில் முந்திக்கொண்டு குடியேறியது அந்த வந்தேறியே. எல்லை காக்கும் எறும்புகளை நாமே கொன்றுவிட்டால் கரந்தமலைக்காரனுக்குக் கதவைத் திறந்துவைத்ததாகாதா?

அரிசிமாவில் கோலமிட்டு எறும்புக்கு உணவிட்ட மரபு என்று மேடையில் உருகுகிறோம் (இப்போது கோலமே கல்மாவு, வாசலுக்கு உள்ளே எறும்புச் சாக்குக்கட்டிக் கோடு). அடுத்த துறைக்கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப்போகிறேன்: புல்தரையின் பாதியை விட்டுவிடுங்கள், வேம்பும் புங்கமும் வைப்போம், அதுவரை அந்த வாளியைப் பூட்டிவையுங்கள், தோட்டக்காரருக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள்.