பாலைவழியும் பழங்கிணறும்

மேற்கு ஆஸ்திரேலியாவிலே ஹால்ஸ் கிரீக் முதல் விலூனா வரை, சுமார் 1,850 கிலோமீட்டர் தூரம், மணற்குன்றுகளினூடே செல்வது கானிங் மாட்டுவழி. நண்பர் சிலர் கூடி, இரண்டு மூன்று மோட்டார் வண்டிகளில் அவ்வழியே செல்லுதல் இக்காலத்தில் ஒரு பெரும் விநோதமாயிருக்கிறது. எண்ணெயும் உணவும் ஒருவர்க்கொருவர் துணையும் வேண்டுமென்பதை அவர்கள் நன்கறிவர். வழியிலுள்ள கிணறுகளின் வரலாற்றை அறிந்து செல்வோர் எத்தனை பேர்?

1906-07-ல் அவ்வழியை அளந்த ஆல்பிரெட் கானிங் என்பார், அந்நிலத்துப் பழங்குடியினரைப் பிடித்துச் சங்கிலியிட்டு, நீர்நிலைகளைக் காட்டச் செய்தார். தாகமெடுக்கும்படி உப்பிட்ட மாட்டிறைச்சியை ஊட்டினரென்றும் கூறுவர். உடன்சென்ற சமையற்காரரே முறையிட, 1908-ல் விசாரணைக் கமிஷன் கூடிற்று. கானிங் குற்றமற்றவரென்று தீர்ப்பாயிற்று! அதன்பின் 1910-க்குள் வெட்டப்பட்ட கிணறுகளுட் பல, அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய ஊற்றுக்களே.

இப்பொழுது அந்நிலத்துக்குரியோரிடம் அனுமதிச்சீட்டுப் பெற்றே அவ்வழிச் செல்லல் வேண்டும். இதனை வீண் தொல்லையென்று சலித்துக்கொள்வாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிறர் வீட்டு முற்றத்தில் நுழையுமுன் குரல் கொடுப்பது தொல்லையாகுமோ? சீட்டைப் பெறும்போதே, எவ்விடத்தே தங்கலாம், எவ்விடத்தே தங்கலாகாது என்பதையும் அவர்களிடம் கேட்டறிந்து புறப்படுக.