வீட்டு முகவரியும் பதவிக் காலமும் ஒன்றல்ல

மாண்புமிகு மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

தமிழ் விக்கிப்பீடியாவில் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதியும் திருத்தியும் வருபவன் நான். நடிகர்கள், அமைச்சர்கள், அதிகாரிகள், எழுத்தாளர்கள் என உயிரோடிருக்கும் பலரின் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு விலக்கைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

மூத்த கலைஞர் ஒருவரின் மகன் எங்களுக்கு எழுதியிருந்தார். மூன்று கோரிக்கைகள். பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெயரை எடுக்க வேண்டும். அப்பாவின் பிறந்த தேதி தவறு. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிட்டார், ஜாதகத்தில் இருப்பது வேறு. மூன்றாவதாக, அப்பா தலைவராக இருந்த அரசு அமைப்பில் தணிக்கை ஆட்சேபம் வந்து அவர் பதவி விலகியது பற்றிய பத்தியை நீக்க வேண்டும். அது எங்கள் குடும்ப விஷயம் என்று எழுதியிருந்தார்.

பள்ளியின் பெயரை அன்றிரவே எடுத்தோம். பக்கத்தின் பழைய பதிப்புகளிலும் அது யார் கண்ணிலும் படாதபடி மறைத்தோம். அந்தக் குழந்தைகள் எந்தப் பதவிக்கும் வந்தவர்கள் அல்லர். பிறந்த தேதியை நீக்கி ஆண்டை மட்டும் வைத்தோம். அந்தத் தலைமுறையில் இரண்டு பிறந்தநாள் உள்ளவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மூன்றாவது கோரிக்கைக்குத்தான் நேரம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் யாரோ "ஊழல்" என்று எழுதியிருந்தார்கள். தணிக்கை அறிக்கையைத் தேடி எடுத்து வாசித்தால், ஒப்பந்தப்புள்ளி கோராமல் வேலை கொடுத்தார்கள் என்றுதான் இருந்தது. பணம் கைமாறியதாக ஒரு வரிகூட இல்லை. அறிக்கை சொன்னதை அப்படியே எழுதினோம். பத்தியை நீக்கவில்லை. பொதுப்பணத்தைச் செலவு செய்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கணக்கு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமானது ஆகாது.

உங்கள் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அந்த மூன்றாவது பத்தி என்ன ஆகும் என்பதே என் கவலை. 4ஆம் பிரிவின்படி ஒருவரின் தரவைக் கையாள அவருடைய ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் 7ஆம் பிரிவின் பட்டியலில் உள்ள காரணம் ஒன்று வேண்டும். அந்தப் பட்டியலில் இதழியல் இல்லை, வாழ்க்கை வரலாறும் இல்லை. 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவில் இதழியலுக்கு விலக்கு இருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. 2023 சட்டத்தில் அது காணாமல் போனது. சம்பந்தப்பட்டவர் தாமே வெளியிட்ட தகவலுக்குச் சட்டம் பொருந்தாது என்கிறீர்கள். பதவியில் இருந்தவர் தாமே வெளியிட விரும்பாததைத் தேடி எடுப்பதுதானே வாழ்க்கை வரலாறு எழுதுகிறவரின் வேலை? மீறினால் 50 கோடி ரூபாய் வரை அபராதம் வரலாம். சிறிய பத்திரிகை நடத்துகிறவர் அந்த எண்ணைப் பார்த்தாலே எழுதியதை அழித்துவிடுவார்.

எது தனிப்பட்டது, எது பொது என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1994லேயே பதில் சொல்லிவிட்டது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். நீதிமன்றம் சொன்னது இது: குடும்பம், திருமணம், பிள்ளைகள் போன்றவற்றில் தனிமனிதருக்கு மறைவு உண்டு. பொது ஆவணத்தில் உள்ளதை எவரும் எழுதலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர் அப்போதும் வெளிவரக் கூடாது. அதிகாரி தன் பதவிக் கடமை பற்றிய எழுத்தை முன்கூட்டியே தடுக்க முடியாது. இவ்வளவு தெளிவாக வரைந்த கோட்டைச் சட்டத்தில் ஏன் விட்டுவிட்டீர்கள்?

மறைப்பதால் பொய் குறையும் என்று நினைத்தால், 2016ஐ நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 22 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 75 நாள்கள். நோயாளியின் உடல்நிலை அவருடைய சொந்த விஷயம். ஆனால் ஒரு மாநிலத்தின் கோப்புகள் யார் கையெழுத்துக்குக் காத்திருந்தன என்பதும் அதில் அடங்கியிருந்தது. அரைகுறை அறிக்கைகளுக்கு நடுவே வதந்தி பெருகியது, காவல்துறை வழக்குப் போட்டது, வதந்தி ஓயவில்லை. அவர் இறந்தது டிசம்பர் 5 இரவு 11.30 மணிக்கு என்றது மருத்துவமனை. 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட ஆறுமுகசாமி ஆணைய அறிக்கை, சாட்சியங்களின்படி 4ஆம் தேதி பிற்பகல் என்றது. ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்ற ஒருவரின் இறந்த நாளுக்கே அடிக்குறிப்பு போட வேண்டிய நிலை. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

பொய் எழுதப்பட்டவரின் வேதனையும் எனக்குத் தெரியும். அமெரிக்க இதழாளர் ஜான் செய்கென்தாலருக்குக் கென்னடி கொலைகளில் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று 2005இல் விக்கிப்பீடியாவில் யாரோ புனைந்தார். செய்கென்தாலரோ ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றிய நண்பர். ஏறக்குறைய நான்கு மாதம் அந்தப் பொய் அப்படியே கிடந்தது. அதன்பிறகுதான் உயிரோடிருப்பவர்கள் பற்றிய விதிகள் இறுகின: ஆதாரமற்ற அவதூறு எவர் கண்ணில் பட்டாலும் உடனே நீக்கலாம். அதனால் திருத்தக் கேட்கும் உரிமையை ஒருவருக்கும் குறைக்காதீர்கள். முகவரி, கைப்பேசி எண், ஆதார், பிள்ளைகள் பற்றிய விவரம் ஆகியவற்றை இன்னும் கடுமையாகக் காப்பாற்றுங்கள். நாங்கள் துணை நிற்போம்.

ஒருவரின் வயதுகூட எப்போதும் ஒரே வகைத் தகவல் அல்ல. நடிகை தன் வயதைச் சொல்லாமல் இருக்கலாம், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அப்போதைய ராணுவத் தளபதி வி.கே. சிங் பிறந்தது 1950ஆ 1951ஆ என்பதில் அவர் ஓய்வு பெறும் நாளே தொங்கியது. 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அதனால் கேட்கிறேன்: 17ஆம் பிரிவில் இதழியலுக்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் விலக்கு சேருங்கள். பதவி, பொதுப்பணம், நீதிமன்ற ஆவணம் தொடர்பான உண்மைத் தகவலுக்கு ஒப்புதல் தேவையில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். 2025 நவம்பரில் வந்த அறிவிப்பின்படி சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 18 மாதங்கள் கழித்துத்தான் அமலாகும். திருத்த மசோதாவை அதற்குள் நாடாளுமன்றத்தில் வையுங்கள்.

மரியாதையுடன்,
தமிழ் விக்கிப்பீடியா பங்களிப்பாளர் ஒருவர்