நாவெனும் சுக்கான்

ஆலயத்தில் ஆண்டவரைத் துதித்த நாவே, வீடு திரும்பியதும் அயலாரைத் தூற்றவும் துணிகின்றது. யாக்கோபு தம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் நாவைக் கப்பலின் சுக்கானுக்கு ஒப்பிடுகின்றார். சிறியதாயினும் பெருங்கலத்தின் போக்கை மாற்றவல்லது அது.

“அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டோம்” என்று அரைகுறையாய் நிறுத்தும் ஒரு பேச்சினால், கூடிவந்த கலியாணம் குழம்பிப்போவதுண்டு. பொய்யேதும் உரைக்கவில்லையே என்று சொன்னவர் அமைதி கொள்வார். அப்பெண்ணின் கண்ணீருக்கு யார் பொறுப்பு?

ஆதலின், ஒருவரைப் பற்றிப் பேசுமுன், அவர் எதிரே அமர்ந்திருந்தால் இதனைச் சொல்வோமா என்று நம்மையே வினவுவோம். சொல்லோமெனின், அவர் இல்லாதபோதும் சொல்லாதிருப்போம்.

எனினும், நாவடக்கம் ஊமையாதலன்று. வீண்பழி எழும் இடத்தில், “நாம் அறிந்தவரையில் அவள் நல்ல பிள்ளை” என்று துணிந்து கூறுவதும் கிறிஸ்தவரின் கடனேயாம். கேட்டிருக்கும் நம் பிள்ளைகள் அதனையே கற்றுக்கொள்வர்.