டிரெய்லருக்கு எலெக்ட்ரிக் பிரேக்: கன்ட்ரோலரை மட்டும் மாட்டினால் போதுமா?

கேள்வி: "எங்களிடம் ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரும் இரண்டு சக்கர டிரெய்லரும் இருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சேகோ ஆலைக்குப் போகும் வழியில் நீளமான இறக்கம் ஒன்று உண்டு. போன வெட்டின்போது என் மகன் அந்த இறக்கத்தில் பிரேக் அடித்தான். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, டிராக்டர் ரோட்டுக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. நல்ல வேளையாக எதிரே வண்டி வரவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜீப்புகளுக்கு எலெக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர் மாட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டு, அதை வாங்கி மாட்டலாம் என்கிறான். மாட்டினால் டிரெய்லர் நிற்குமா?"

- வாசகி, நாமக்கல் மாவட்டம்.

பதில்: டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று மகன் நினைப்பது சரி. ஆனால் கன்ட்ரோலரை மட்டும் வாங்கி மாட்டினால் டிரெய்லர் நிற்காது. கன்ட்ரோலர் என்பது டிரைவர் பக்கத்தில் இருந்து கரன்ட்டை அளந்து அனுப்பும் ஒரு சிறிய பெட்டி. வண்டியை நிறுத்தும் பிரேக் டிரெய்லரின் சக்கரத்துக்குள் இருக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லரில் ஒவ்வொரு சக்கர டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் இருந்து கரன்ட் வரும். காந்தம் சுழலும் டிரம்மைப் பிடித்துக்கொண்டு ஒரு நெம்புகோலை இழுக்கும். அந்த நெம்புகோல் பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும். கரன்ட் கூடினால் பிடியும் கூடும். இந்த டிரம்மும் காந்தமும் நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலும் கிடையாது. அப்படி இல்லாத டிரெய்லருக்குக் கன்ட்ரோலர் வாங்குவது, பம்ப்செட் இல்லாத கிணற்றுக்கு ஸ்டார்ட்டர் வாங்குவது போலத்தான்.

ஆஸ்திரேலியாவில் ஏன் மாட்டுகிறார்கள்?

அங்கே சுமையோடு 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். அதோடு, கொக்கி கழன்று டிரெய்லர் தனியாகப் பிரிந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். அங்குள்ள பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பல, அதிகபட்சம் 3,500 கிலோ வரை இழுப்பவை. குதிரை, மாடு ஏற்றும் டிரெய்லர்களுக்கும் சுற்றுலா வண்டிகளுக்கும் இந்த அளவு போதும்.

பேட்டரியில் இருந்து சர்க்யூட் பிரேக்கர் வழியாக ஒரு ஒயர், எர்த் ஒயர், பிரேக் லைட் சுவிட்சில் இருந்து ஒரு ஒயர், டிரெய்லருக்குப் போகும் ஒயர் என நான்கு இணைப்புகள் கொடுப்பார்கள். பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத சமமான, காய்ந்த ரோட்டில் சுமையோடு மெதுவாக ஓட்டிப் பார்த்து, சக்கரம் முழுதாகப் பூட்டிக்கொள்ளாத அளவுக்குப் பிடியைத் திருகி வைப்பார்கள். சுமை மாறினால் அந்த அளவையும் மாற்ற வேண்டும். வெறும் வண்டிக்கு வைத்த அளவு பாரவண்டிக்குப் போதாது.

வாசகியின் டிரெய்லர் கணக்கு வேறு. உதாரணத்துக்கு, 5 டன் கிழங்கும் டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன்னும் சேர்ந்தால் ஆறரை டன். ஜீப்புக்காகச் செய்த எலெக்ட்ரிக் பிரேக் இந்தச் சுமைக்கு ஏற்றதல்ல.

டிராக்டர் டிரெய்லருக்கு எது பொருந்தும்?

பாரம் இழுக்கும் டிராக்டருக்கு, பெடலை மிதிக்கும் அளவுக்கு ஏற்ப டிரெய்லரிலும் பிடிக்கும் ஹைட்ராலிக் அல்லது ஏர் பிரேக்தான் சரி. முதலில், டிராக்டர் விற்ற டீலரிடம் அந்த மாடலுக்கு டிரெய்லர் பிரேக் வால்வு கிடைக்குமா என்று கேட்க வேண்டும். கிடைத்தால், டிரெய்லர் தயாரிப்பவரிடம் பிரேக் டிரம்மோடு கூடிய ஆக்சிலைப் பொருத்தச் சொல்ல வேண்டும். லிஃப்ட்டின் ஆயில் லைனில் குழாய் இழுத்து, லீவரால் பிரேக் பிடிக்கும் குறுக்கு வழி வேண்டாம். அது படிப்படியாகப் பிடிக்காது. ஒரே அடியாகப் பூட்டிக்கொள்ளும். வண்டியில் எந்த மாற்றம் செய்வதாக இருந்தாலும், முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. ஏதாவது நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் சிக்கல் வராமல் இருக்கும்.

இந்த வெட்டுக்கே செய்யக்கூடியவை

புதிய ஆக்சிலுக்குப் பணம் சேரும் வரை கிழங்கு காத்திருக்காது. செலவில்லாமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

1. உழவில் திரும்புவதற்காக வலது, இடது பிரேக் பெடல்களைப் பிரித்து வைத்திருப்பார்கள். ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் சேர்த்து லாக் போட வேண்டும். ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் டிராக்டர் அந்தப் பக்கம் திரும்பும். பின்னால் வரும் பாரம் அதை மேலும் தள்ளும். லாக் போட்ட பிறகும் இரு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கிறதா என்று காலி வண்டியில் பார்க்க வேண்டும். போன வெட்டில் டிராக்டர் குறுக்கே திரும்பியதால், இதை முதலில் பார்ப்பது அவசியம்.

2. எந்த கியரில் அந்த மேட்டை ஏற முடியுமோ, அந்த கியரிலேயே இறங்க வேண்டும். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் எஞ்சினின் பிடிப்பை இழக்கச் செய்யும்.

3. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான் இருக்கும். ஃபோர் வீல் டிரைவைப் போட்டால் அந்தப் பிடி முன்சக்கரங்களுக்கும் போகும். எனவே செங்குத்தான இறக்கத்தில் பாரத்தோடு இறங்கும்போது அதைப் போடலாம். சமமான தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டயர் தேயும்.

4. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தைப் பின்பக்கம் குவிக்கக் கூடாது. கொக்கி மேலே தூக்கினால் டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். முன்பக்கம் சற்றே அதிகமாக இருக்கட்டும்.

5. கொக்கிப் பின்னுக்குக் கிளிப்பும், கூடுதலாக ஒரு சங்கிலியும் போட வேண்டும்.

6. வேகம் இரு மடங்கானால், நிறுத்துவதற்கு பிரேக் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டரில் நிற்கும் வண்டி, 40-ல் அதே இடத்துக்குள் நிற்காது.

பாரமும் முக்கியம். 2 டன் சொச்சம் எடையுள்ள டிராக்டரின் பிரேக், அதைப்போல மூன்று மடங்கு பாரத்தையும் சேர்த்து இறக்கத்தில் பிடிக்க வேண்டியிருக்கிறது. டிரெய்லருக்குப் பிரேக் பொருத்தும் வரை, ஒரே நடையில் ஏற்றுவதை இரண்டு நடையாகப் பிரித்துக்கொள்ளலாம். கூடுதல் டீசலும் அரை நாளும் செலவாகும்தான். ஆனால் மகன் ஓட்டிப்போகும் அந்த இறக்கத்தில், எதிரே வண்டி வராது என்று ஒவ்வொரு முறையும் நம்பியிருக்க முடியாது.